வடிவத்தைப் பார்க்கப் பழகுதல்: ஓவியத்துக்கும் வடிவமைப்புக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

கோடு, வடிவம், வண்ணம், ஒளிநிழல், மேற்பரப்பின் தன்மை, வெளி என்று கலையின் அடிப்படைக் கூறுகளை வரிசையாகச் சொல்லித் தருவது ஓவியப் பாடத்தின் வழக்கம். இந்த வரிசையில் வடிவத்துக்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. வட்டம், சதுரம், முக்கோணம் ஆகியவற்றை எல்லாரும் சிறு வயதிலேயே அறிந்துகொண்டுவிடுவதால், இதில் கற்பதற்குப் பெரிதாக எதுவும் இல்லை என்று ஆசிரியரும் மாணவரும் ஒருசேர நினைத்து, வண்ணத்துக்கும் நிழல் தீட்டுவதற்கும் விரைந்து போய்விடுகிறார்கள். பின்னாளில் ஓர் ஓவியம் ஏனோ நிற்கவில்லை, ஒரு சுவரொட்டி ஏனோ கண்ணைப் பிடிக்கவில்லை என்ற குறை எழும்போது, அதன் காரணம் பெரும்பாலும் வண்ணத்தில் இருப்பதில்லை. வடிவங்களின் அமைப்பில்தான் இருக்கிறது.

இந்த வழிகாட்டி ஒரே ஒரு கருத்தைச் சுற்றிக் கட்டப்பட்டது. தாளில் ஒரு வடிவத்தை வரையும்போது உண்மையில் இரண்டு வடிவங்கள் உண்டாகின்றன: நாம் எண்ணி வரைந்தது ஒன்று, அதைச் சுற்றி மிஞ்சியது மற்றொன்று. இரண்டாவதையும் முதலாவதைப் போலவே கவனத்துடன் பார்க்கப் பழகியவருக்கு வரைதல், அமைப்பு, சின்னம் உருவாக்குதல், எழுத்துரு வடித்தல் ஆகிய எல்லாமே எளிதாகும். கீழே உள்ள படிகள் அந்தப் பார்வையை வளர்ப்பதற்கானவை.

தேவைப்படும் பொருள்கள் மிகச் சில. வெள்ளைத் தாள்கள், ஒரு கருப்பு சார்ட் பேப்பர், கத்தரிக்கோல், பசை, பென்சில், கருப்பு மார்க்கர், ஒரு துண்டு அட்டை, ஒரு டிரேசிங் தாள் ஆகியவை போதும். கணினியில் வேலை செய்பவர்களும் முதல் சில படிகளையாவது கையால் தாளில் செய்வது நல்லது. கத்தரிக்கோல் தரும் பாடத்தைத் திரை தருவதில்லை.

படி 1: வடிவம் எதனால் உண்டாகிறது என்று காணுதல்

வடிவம் என்பது நீளமும் அகலமும் உடைய, எல்லை ஒன்றால் சூழப்பட்ட தட்டையான பரப்பு. அந்த எல்லை கோடாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பச்சைத் தாளின்மேல் ஒட்டிய மஞ்சள் துண்டுக்குப் புறக்கோடு எதுவும் கிடையாது. வண்ணம் மாறும் இடமே அதன் எல்லை. வெயிலில் நிற்கும் சுவரின்மேல் விழுந்த மரநிழலுக்கு வெளிச்சமும் இருளும் சந்திக்கும் இடம் எல்லை. மழமழப்பான பரப்பின் நடுவே சொரசொரப்பாக விடப்பட்ட பகுதிக்கு, வண்ணம் ஒன்றாகவே இருந்தாலும், தொடுதன்மையின் வேறுபாடே எல்லையாகிவிடுகிறது.

எல்லையே இல்லாத இடத்திலும் வடிவம் தோன்றக்கூடும். இத்தாலிய உளவியலாளர் கயெத்தானோ கனிசா 1955இல் விளக்கிய படம் இதற்குச் சிறந்த சான்று. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வெட்டப்பட்ட மூன்று கருப்பு வட்டங்களை, வெட்டுவாய்கள் ஒன்றையொன்று நோக்கும்படி வைத்தால், நடுவில் ஒரு வெள்ளை முக்கோணம் தெளிவாகத் தெரிகிறது. அதன் பக்கங்களை யாரும் வரையவில்லை. ஆயினும் அது சுற்றியுள்ள தாளைவிடச் சற்று அதிக வெண்மையாகக்கூடத் தோன்றுகிறது. விடுபட்டதை நிறைவுசெய்து முழு வடிவமாகக் காண்பது மனித மூளையின் இயல்பு. உலக இயற்கை நிதியத்தின் பாண்டா சின்னத்தில் தலையின் மேற்புறத்துக்கும் முதுகுக்கும் கோடு இல்லாவிட்டாலும் முழு விலங்கையும் நாம் காண்பது இந்த இயல்பினால்தான்.

பயிற்சியாக, ஓர் அரச இலையை எடுத்துக்கொண்டு அதை நான்கு முறை வரைக. முதலில் புறக்கோட்டால் மட்டும். அடுத்து, கோடே இல்லாமல் உட்புறத்தைக் கருப்பாக நிரப்பி. அதன்பின், இலையை வெள்ளையாக விட்டுச் சுற்றுப்புறத்தைக் கருப்பாக்கி. இறுதியாக, உள்ளே ஒரு திசையிலும் வெளியே வேறொரு திசையிலும் செல்லும் நுண்கோடுகளால். மூன்றாவது படத்தை வரையும்போது கை தயங்குவதைக் கவனியுங்கள். அந்தத் தயக்கம் நான்காம் படியில் தீரும்.

படி 2: பருமனைத் தட்டையாக்கிக் காணுதல்

உலகில் உள்ளவை பெரும்பாலும் முப்பரிமாண உருவங்கள், தாளோ தட்டையானது. வட்டம் ஒரு வடிவம், பந்து ஓர் உருவம். சதுரம் ஒரு வடிவம், கனசதுரம் ஓர் உருவம். பந்தை வரைபவர் முதலில் அதைத் தட்டை வட்டமாகக் கண்டாக வேண்டும். இது எளிது என்று தோன்றினாலும், புதிதாக வரைபவர்கள் தடுமாறும் முதல் இடம் இதுவே. மேசைமேல் உள்ள எவர்சில்வர் டம்ளரின் வாய் வட்டமானது என்பதை மனம் அறிந்திருக்கிறது. உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்குத் தெரிவதோ ஒடுங்கிய நீள்வட்டம். அறிந்ததை வரையும் கை அதை வேண்டியதற்கு மேல் உருட்டையாக்கிவிடும். அடிப்பகுதியோ மேசையில் சமமாக நிற்பதாக மனம் அறிந்திருப்பதால் நேர்கோடாகிவிடும். உண்மையில், நாம் பார்க்கும் உயரத்திலிருந்து கீழே செல்லச் செல்ல நீள்வட்டம் சற்று அகன்றுகொண்டே போகும் என்பதால், அடிப்பகுதி வாயைவிட அதிக வளைவுடன் தெரியும்.

அறிவின் குறுக்கீட்டை விலக்க நல்ல வழி சன்னல் கண்ணாடி. கண்ணாடிக்கு முன் அசையாமல் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வெளியே தெரியும் கட்டடத்தின் விளிம்புகளைக் கண்ணாடிமேலேயே மார்க்கரால் வரைக. இரு கண்களாலும் பார்த்தால் ஆழம் தெரியும். ஒரு கண்ணால் பார்க்கும்போது காட்சி தட்டையாகிறது. வரைந்து முடித்தபின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டிப் பார்த்தால், நாம் எதிர்பார்த்திராத சரிந்த நாற்கரங்களும் ஒடுங்கிய முக்கோணங்களும் அதில் இருக்கும்.

இரண்டாவது வழி, கண்களைப் பாதி மூடிப் பார்ப்பது. அப்போது நுணுக்கங்கள் மறைந்து, ஒளியும் இருளும் பெரிய திட்டுகளாகச் சேர்ந்துவிடுகின்றன. மரத்தடியில் நிற்கும் மாட்டின் வயிற்று நிழலும் தரையில் விழுந்த நிழலும் இணைந்து ஒரே கருவடிவமாகும். மாடு என்ற பெயரை மறந்துவிட்டு அந்த ஒற்றைத் திட்டை வரையத் துணிபவருடைய படத்தில் மாடு தரையில் ஊன்றி நிற்கும். மாட்டைத் தனியாகவும் நிழலைத் தனியாகவும் வரைந்தால், அது பெரும்பாலும் காற்றில் மிதப்பதாகவே தெரியும்.

படி 3: வடிவ வகைகளை அறிதல்

இதில் நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை. அளவிட்டுச் சொல்லக்கூடிய நேர்கோடுகளாலும் ஒழுங்கான வளைவுகளாலும் ஆனவை வடிவியல் வடிவங்கள்; கூழாங்கல், இலை, மேகம் போல ஒழுங்கற்று வளர்ந்தவை இயற்கை வடிவங்கள். இயற்கைப் பொருள் ஒன்றைச் சுருக்கி, அதன் சாரத்தை மட்டும் வைத்துக்கொள்ளும்போது கிடைப்பவை அருவ வடிவங்கள்.

பிரெஞ்சு ஓவியர் ஆன்றி மத்தீஸின் பிற்கால வேலைகளைப் பார்த்தால், இந்த வகைகளுக்கு இடையே உறுதியான சுவர் எதுவும் இல்லை என்பது விளங்கும். 1941இல் பெரிய அறுவைச் சிகிச்சைக்கு உள்ளானபின், வண்ணம் பூசிய தாள்களைக் கத்தரிக்கோலால் நேரடியாக வெட்டி ஒட்டும் முறைக்கு அவர் படிப்படியாக மாறினார். இன்று இலண்டனின் டேட் கலைக்கூடத் தொகுப்பில் உள்ள 1953ஆம் ஆண்டின் ‘நத்தை’, ஏறத்தாழ 2.87 மீட்டர் சதுரம். அதில் இருப்பவை பெரும்பாலும் ஒழுங்கற்ற நாற்கரத் துண்டுகளே. அவை சுழன்று செல்லும் வரிசை நத்தையின் ஓட்டை நினைவூட்டுகிறது. ஒவ்வொரு துண்டும் ஏறத்தாழ வடிவியல் சார்ந்தது, அவற்றின் அடுக்கு இயற்கையின் சுருள், முழுப்படமோ அருவம். ஆகவே ஒரு படத்தை எந்த வகையில் சேர்ப்பது என்று குழம்புவதைவிட, அதில் எந்த வகை மேலோங்கி நிற்கிறது, எது அதற்கு எதிராக நிற்கிறது என்று கேட்பது பயன் தரும்.

படி 4: வெற்றிடத்தின் வடிவத்தை வரைதல்

இந்த வழிகாட்டியின் மையம் இதுவே. மற்றப் படிகளைவிட இதற்கு அதிக நாள்கள் கொடுக்க வேண்டும். ஓவியக் கல்லூரிகளில் நெகட்டிவ் ஸ்பேஸ் என்று சொல்லப்படுவது, பொருளைச் சுற்றியும் அதன் உறுப்புகளுக்கு இடையிலும் உள்ள காலியிடம். டென்மார்க் உளவியலாளர் எட்கர் ரூபின் 1915இல் ஆராய்ந்த படத்தைப் பலரும் கண்டிருப்பார்கள்: ஒரு பார்வையில் நடுவே வெள்ளைக் குவளை, மறு பார்வையில் இருபுறமும் எதிரெதிரே நோக்கும் கருப்பு முகங்கள். இரண்டையும் ஒரே கணத்தில் காண இயலாது. எல்லைக்கோடு எப்போதும் ஒரு பக்கத்துக்கே சொந்தமானதாகத் தோன்றும். மறுபக்கம் பின்புலமாகப் பின்வாங்கிவிடும். நம் அன்றாடப் பார்வை பொருளின் பக்கமே சாய்ந்திருப்பதால், பின்புலத்துக்கும் வடிவம் உண்டு என்பது நினைவுக்கு வருவதேயில்லை. ஓவியர் இந்தச் சாய்வை விரும்பியபோது மாற்றிக்கொள்ளப் பழக வேண்டும்.

சோழர் காலத்து நடராசர் செப்புத் திருமேனியை இதற்காக ஒருமுறை பாருங்கள். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலும் பல சிவன் கோயில்களிலும் அதைக் காணலாம். பெரும்பாலோர் காண்பது நான்கு கைகள், தூக்கிய இடக்கால், ஊன்றிய வலக்கால், காலடியில் முயலகன். அவற்றை மறந்துவிட்டு, சிற்பத்தின் ஊடே பின்சுவர் தெரியும் இடங்களை மட்டும் பார்க்க வேண்டும். பின்னிரு கைகள் விரிந்து உடுக்கையையும் தீயையும் ஏந்துவதால், தலைக்கு இருபுறமும் இரண்டு பெரிய காலியிடங்கள் உண்டாகின்றன. குறுக்கே தூக்கிய காலுக்கும் ஊன்றிய காலுக்கும் இடையே கூர்மையான ஒரு காலியிடம். தூக்கிய பாதத்தின் கீழே திறந்து கிடக்கும் ஒரு பரந்த வெளி. இவற்றில் எதுவும் மற்றொன்றின் அளவிலோ வடிவிலோ இல்லை. தீச்சுடர்கள் சூழ்ந்த திருவாசி உள்ள திருமேனிகளில், அந்த வட்டம் இந்த வெற்றிடங்கள் எல்லாவற்றையும் வெளியில் சிதறிவிடாமல் பிடித்துத் தனித்தனி வடிவங்களாக்குகிறது. கல்லில் இத்தனை திறப்புகளோடு செதுக்கினால் உறுப்புகள் ஒடிந்துவிடும். மெழுகில் உருச்செய்து உலோகம் வார்க்கும் முறைதான் இதற்கு இடம் கொடுத்தது. ஆட்டத்தின் வேகம் உறுப்புகளில் எவ்வளவு உள்ளதோ, அவற்றின் இடைவெளிகளிலும் அவ்வளவு உள்ளது என்பது என் உறுதியான கருத்து.

பயிற்சிக்கு ஒரு நாற்காலி போதும். குறுக்குச் சட்டங்களும் கைப்பிடிகளும் உள்ள மர நாற்காலி மிகவும் ஏற்றது. அட்டைத் துண்டின் நடுவே தாளின் நீள அகல விகிதத்தில் ஒரு சன்னல் வெட்டிக்கொண்டு, அதன்வழியே ஒரு கண்ணால் நாற்காலியைப் பார்க்க வேண்டும். நாற்காலி சன்னலின் இரண்டு அல்லது மூன்று விளிம்புகளைத் தொடும்படி அட்டையை அருகிலோ தொலைவிலோ நகர்த்தினால், சுற்றியுள்ள காலியிடம் பல துண்டுகளாகப் பிரிந்துவிடும். அவற்றில் மிகத் தெளிவான ஒன்றை, எடுத்துக்காட்டாக இரண்டு முன்கால்களுக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் இடையே உள்ள நாற்கரத்தை, முதலில் வரைக. அதை அளவுகோலாகக் கொண்டு அடுத்துள்ள காலியிடத்தை வரைக: முன்னதைவிட இது எவ்வளவு அகலம், அதன் மேல்விளிம்பு எந்தக் கோணத்தில் சரிகிறது என்பவை மட்டுமே இங்குள்ள கேள்விகள். எல்லாக் காலியிடங்களையும் வரைந்து கருப்பால் நிரப்பிய பின், நாம் தொடாமல் விட்ட வெள்ளைப் பகுதியில் நாற்காலி நின்றுகொண்டிருக்கும்.

இந்த முறையில் வரைந்தது நேரடியாக வரைந்ததைவிடச் சரியாக அமைவதற்குக் காரணம் உண்டு. நாற்காலிக் கால்கள் நான்கும் ஒரே நீளம் என்று மனம் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்கிறது. கால்களுக்கு இடையே உள்ள காற்றைப் பற்றி அதற்கு முன்முடிவு எதுவும் இல்லை. ஆகவே கண் சொல்வதைக் கை கேட்கிறது. நாற்காலி பழகியபின் சைக்கிள், இடுப்பில் கைவைத்து நிற்பவர், முருங்கைக் கிளை என்று செல்லலாம்.

படி 5: நிழலுருச் சோதனை

ஒரு பொருளை முழுவதும் கருப்பாக நிரப்பிய பிறகும் அது எது என்று தெரிந்தால், அதன் வடிவம் வலுவானது. பண்டை எகிப்திய ஓவியர்கள் முகத்தைப் பக்கவாட்டிலும், கண்ணையும் தோள்களையும் முன்னிருந்தும், கால்களை மீண்டும் பக்கவாட்டிலும் வரைந்ததற்கு ஒரு காரணம், ஒவ்வோர் உறுப்பும் எந்தக் கோணத்தில் மிகத் தெளிவாக அடையாளம் தெரியுமோ அந்தக் கோணத்தை அவர்கள் தேர்ந்தெடுத்ததே. நம் தோல்பாவைக் கூத்திலும் பெரும்பாலான பாத்திரங்களின் முகங்கள் பக்கவாட்டில் வெட்டப்பட்டிருப்பது இதே தேவையினால்தான். திரைக்குப் பின்னிருந்து வரும் ஒளியில் மூக்கும் தாடையும் மகுடமும் வெளிவிளிம்பில் தெரிய வேண்டும்.

ஒரே பொருளை, வேண்டுமானால் ஒரு காபி டபராவும் டம்ளரும் சேர்ந்த இணையை, ஐந்தாறு கோணங்களில் சிறியதாக வரைந்து கருப்பால் நிரப்புங்கள். மேலிருந்து பார்த்தது வெறும் வட்டம். பக்கவாட்டில் பார்த்ததில் டபராவின் விளிம்பும் டம்ளரின் உதடும் தனித்தனியாகத் தெரியும். எது உடனே அடையாளம் தெரிகிறதோ அதுவே சின்னத்துக்கும் சுவரொட்டிக்கும் உரிய கோணம். மனித உருவத்தை வரையும்போது கைகள் உடலுக்குள் மறைந்துவிடாமல் வெளிவிளிம்பைத் தாண்டி நீள்கின்றனவா என்பதையும் இந்தச் சோதனையே காட்டிவிடும். அசைவூட்டப் படக் கலைஞர்கள் ஒவ்வொரு பாத்திரத்தின் நிலையையும் இவ்வாறு சோதித்துப் பார்ப்பது நெடுநாள் வழக்கம்.

படி 6: வடிவத்தின் குணத்தை உணர்தல்

வடிவங்கள் உணர்வை எழுப்புகின்றன என்பது வெறும் கற்பனையன்று. செருமானிய உளவியலாளர் வொல்ஃப்காங் கோலர் 1929இல், பொருளற்ற இரண்டு சொற்களில் எது கூரிய வடிவத்துக்குப் பொருந்தும், எது வளைந்த வடிவத்துக்குப் பொருந்தும் என்ற கேள்வியை முன்வைத்தார். அந்தச் சோதனையை, தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். இராமச்சந்திரனும் எட்வர்டு ஹப்பர்டும் 2001இல் ‘கிகி’, ‘பூபா’ என்ற சொற்களைக் கொண்டு புதுப்பித்தார்கள். கேட்கப்பட்டவர்களில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களும் இந்தியாவில் வாழும் தமிழ் பேசுபவர்களும் இருந்தனர். இரு தரப்பிலும் மிகப் பெரும்பான்மையோர் கூரிய வடிவத்தை ‘கிகி’ என்றும், வளைந்ததை ‘பூபா’ என்றும் தேர்ந்தார்கள்.

ஆனால் இதிலிருந்து, வட்டம் என்றால் அமைதி, சதுரம் என்றால் நேர்மை, முக்கோணம் என்றால் ஆற்றல் என்று ஓர் அட்டவணை தயாரித்து மனப்பாடம் செய்வதை நான் ஏற்கவில்லை. 1923இல் செருமனியின் பவுஹவுஸ் கலை, வடிவமைப்புப் பள்ளியில் ஓவியர் வசிலி கண்டின்ஸ்கி, முக்கோணம், சதுரம், வட்டம் ஆகியவற்றுக்கு மஞ்சள், சிவப்பு, நீலம் ஆகியவற்றில் எது பொருந்தும் என்று கேட்டு ஒரு வினாத்தாளைச் சுற்றுக்கு விட்டார். முக்கோணம் மஞ்சள், சதுரம் சிவப்பு, வட்டம் நீலம் என்பது அவருடைய கொள்கை. பிற்காலச் சோதனைகளில் அந்தப் பொருத்தம் எல்லாரிடமும் அப்படியே வெளிப்படவில்லை. ஜாவாத் தீவின் வயாங் குலித் நிழற்பாவைகள் மற்றொரு சான்று. அங்கே பண்பட்ட நாயகனான அர்ச்சுனனுக்குக் குறுகிய நீண்ட கண்ணும் கூரிய மூக்கும். முரட்டு வலிமை கொண்ட பீமனுக்கோ உருண்டைக் கண். உருண்டை என்றால் மென்மை என்ற விதி அந்த மரபில் செல்லாது.

எனவே குணத்தைச் சூழலோடு சேர்த்தே படிக்க வேண்டும். அடிப்பக்கம் கீழே உள்ள முக்கோணம் மலையைப் போல் அசையாது நிற்கும். அதையே தலைகீழாக்கினால் எந்நேரமும் சாயப்போவதாகத் தோன்றி, கவனத்தை இழுக்கும். நம் சாலைகளில் ‘வழிவிடு’ குறியீடு தலைகீழ் முக்கோணமாக உள்ளது. குடும்ப நலத் திட்டத்துக்காக இந்தியா எங்கும் சுவர்களில் வரையப்பட்ட தலைகீழ்ச் சிவப்பு முக்கோணம், எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் தொலைவிலிருந்தே செய்தியைச் சொன்னது.

பயிற்சி: முகம், பொருள் எதையும் வரையாமல், ஐந்து கருப்புத் துண்டுகளால் மட்டும் ‘நெரிசல்’, ‘தனிமை’, ‘விழுதல்’, ‘காத்திருத்தல்’ ஆகியவற்றை நான்கு தாள்களில் அமைக்கவும். தலைப்பைச் சொல்லாமல் ஒருவரிடம் காட்டி, எந்தத் தாள் எது என்று கேட்கவும்.

படி 7: வடிவங்களுக்கு இடையிலான உறவு

தனி வடிவம் ஒருபோதும் தனியாகச் செயல்படுவதில்லை. அளவு வேறுபாடு, திரும்ப வருதல், ஒன்றன்மேல் ஒன்று படிதல், ஒன்றுக்குள் ஒன்று பொருந்துதல் ஆகிய உறவுகளால்தான் அமைப்பு உருவாகிறது. ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய் ஏறத்தாழ 1831இல் வெளியிட்ட ‘பேரலை’ மரக்கட்டை அச்சுப்படம், இவை அனைத்தையும் ஒரே தாளில் கற்பிக்கிறது. அந்தத் தாள் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் உயரமும் 37 சென்டிமீட்டர் அகலமும் மட்டுமே கொண்டது.

இடப்புறம் எழும் அலை படத்தின் பெரும்பகுதியை ஆள்கிறது. ஃபுஜி மலை, உண்மையில் மிகப் பெரியதாயினும், அலைப்பள்ளத்தின் நடுவே ஒரு சிறு முக்கோணமாக அடங்கிவிடுகிறது. முன்புறத்தில் எழும் சிற்றலையின் உச்சி அந்த முக்கோணத்தை ஒத்த வடிவில், நுரை வெண்மை தாங்கி நிற்கிறது. மலையின் பனிமுடியும் அதே வெண்மை. இவ்வாறு ஒரே வடிவம் அருகிலும் தொலைவிலும் திரும்ப வரும்போது, கண் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகிறது. நீண்ட படகுகள் அலைப்பள்ளத்தின் வளைவோடு பொருந்தி வளைகின்றன. இனி, படத்தைத் தலைகீழாகத் திருப்பி வானத்தை மட்டும் பாருங்கள். அலை வளைந்து கவியும் இடத்தில், வானமும் அதற்கு இணையான ஒரு வளைந்த வடிவமாகி, அலைக்குப் பதில் சொல்வதாகத் தெரியும். அலைக்குக் கொடுத்த கவனத்தில் குறையாத கவனத்தை ஹொகுசாய் வானத்துக்கும் கொடுத்திருக்கிறார்.

ஸ்பானிய ஓவியர் பாப்லோ பிக்காசோ போரின் கொடுமையைக் காட்டி வரைந்த 1937ஆம் ஆண்டின் ‘குவேர்னிகா’வில் உறவு வேறு விதமானது. 3.49 மீட்டர் உயரமும் ஏறத்தாழ 7.8 மீட்டர் அகலமும் கொண்ட அந்தப் படத்தில் கருப்பும் வெள்ளையும் சாம்பலும் தவிர வேறு வண்ணம் இல்லை. உடைந்த, கூரிய துண்டுகள் ஒன்றையொன்று குத்தி ஊடுருவுகின்றன. அந்தச் சிதறலுக்கு நடுவே, விளக்கை உச்சியாகக் கொண்டு இரு கீழ்மூலைகளை நோக்கி விரியும் ஒரு பெரிய முக்கோணம் எல்லாவற்றையும் தாங்கிப் பிடிக்கிறது.

பழகும்போது தவிர்க்க வேண்டிய பிழை ஒன்று உண்டு. இரண்டு வடிவங்கள் ஒன்றையொன்று ஒரு புள்ளியில் மட்டும் தொட்டு நிற்பது. மரத்தின் விளிம்பு வீட்டின் கூரை முனையைச் சரியாகத் தொட்டால், எது முன், எது பின் என்று தெரியாமல் கண் அந்தப் புள்ளியிலேயே சிக்கிக்கொள்ளும். தாராளமாக மேற்படியச் செய்ய வேண்டும், அல்லது தெளிவான இடைவெளி விட வேண்டும். அதேபோல, எல்லா வடிவங்களையும் ஒரே அளவில் வைப்பதும் படத்தைச் சோர்வாக்கும். பெரியது ஒன்று, நடுத்தரமானவை சில, சிறியவை பல என்ற பங்கீட்டில் தொடங்குவது பாதுகாப்பானது. அனுபவம் வந்தபின் அதை மீறலாம்.

படி 8: ஒரு சதுரத்தை விரித்தல்

கருமை வெண்மைச் சமநிலையை ஜப்பானியக் கலையில் நோட்டான் என்பார்கள். அதைக் கற்பிக்கும் இந்தப் பயிற்சியை வடிவமைப்புப் பள்ளிகள் பல பயன்படுத்துகின்றன. எனக்குத் தெரிந்த பயிற்சிகளில் இதைவிடக் குறைந்த செலவில் இவ்வளவு கற்றுத் தருவது வேறொன்றில்லை.

கருப்புத் தாளில் 12 சென்டிமீட்டர் சதுரம் ஒன்று வெட்டி, பெரிய வெள்ளைத் தாளின் நடுவில் வைக்கவும். சதுரத்தின் ஒரு பக்கத்திலிருந்து உள்நோக்கி ஒரு வடிவத்தை, பக்கத்தில் தொடங்கிப் பக்கத்திலேயே முடியும்படி வெட்டி எடுக்கவும். அதை அந்தப் பக்கத்தையே கீல் போலக் கொண்டு வெளிப்புறம் புரட்டி ஒட்டவும். உள்ளே வெள்ளைப் பள்ளமும், வெளியே அதன் கண்ணாடிப் பிம்பமாகக் கருந்துண்டும் இருக்கும். நான்கு பக்கங்களிலும் இவ்வாறு செய்யவும். எதையும் எறியக்கூடாது; புதிதாக எதையும் சேர்க்கக்கூடாது. பின்னர் வெட்டிய துண்டுக்குள்ளிருந்தே மற்றொரு துண்டை வெட்டி மீண்டும் உள்நோக்கிப் புரட்டலாம். முதல் முயற்சியில் நான்கு சிறு கடிவாய்கள் மட்டும் தெரியும். துணிந்து ஆழமாக வெட்டினால், கருப்பு எது, வெள்ளை எது, எது உரு, எது பின்புலம் என்று பிரிக்க முடியாத நிலை வரும். சதுரத்தின் பக்கம் பல இடங்களில் அறுபட்ட பிறகும் சதுரம் மனத்தில் மறையாமல் நிற்பதையும் அப்போது காணலாம்.

படி 9: வடிவமைப்பில் கையாளுதல்

சின்னம், செயலிக் குறியீடு, அட்டைப்படம் போன்றவற்றைச் செய்பவர்கள் அளவுகோலை நம்பி ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 10 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரத்தின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர். 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தின் பரப்பு 78.5 மட்டுமே. இரண்டையும் அருகருகே வைத்தால் வட்டம் சிறியதாகத் தெரிவதில் வியப்பில்லை. பரப்பு சமமாக வேண்டுமானால் வட்டத்தின் விட்டம் ஏறத்தாழ 11.3 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். சமபக்க முக்கோணமாயின் பக்கம் ஏறத்தாழ 15.2 சென்டிமீட்டர். நடைமுறையில் முழுச் சமப்பரப்புக்கும் சம உயரத்துக்கும் இடைப்பட்ட ஓர் அளவே கண்ணுக்கு ஒத்துவரும்; அதைக் கண்தான் முடிவு செய்ய வேண்டும். எழுத்துரு வடிப்பவர்கள் வளைந்த எழுத்துகளைத் தட்டையானவற்றைவிடச் சற்று மேலும் கீழும் தாண்டவிடுவதும் இதனாலேயே.

பாட்டையும் காணொளியையும் ஓடவிடும் செயலிகளில் வட்டத்துக்குள் உள்ள முக்கோண ‘பிளே’ பொத்தானும் இப்படித்தான். முக்கோணத்தின் இடது விளிம்பிலிருந்து வலது முனை வரை அளந்து நடுவில் வைத்தால், அது இடப்புறம் தள்ளி இருப்பதாகத் தோன்றும். முக்கோணத்தின் எடைமையம் அடிப்பக்கத்திலிருந்து உயரத்தின் மூன்றில் ஒரு பங்கில் இருப்பதால், அந்தப் புள்ளியை வட்டத்தின் மையத்தில் பொருத்த வேண்டும்.

வெற்றிட வடிவம் சின்னங்களில் எவ்வளவு உழைக்கிறது என்பதற்குப் பாரத ஸ்டேட் வங்கியின் சின்னம் நல்ல சான்று. நீல வட்டத்தின் நடுவே சிறு வட்டமும், அதிலிருந்து கீழ்நோக்கி ஒரு பிளவும். வெட்டி நீக்கப்பட்ட பகுதியே சாவித்துவாரமாகத் தெரிகிறது. ஃபெடெக்ஸ் (FedEx) கூரியர் நிறுவனத்தின் 1994ஆம் ஆண்டுச் சின்னத்தில், கடைசி இரண்டு ஆங்கில எழுத்துகளான E, x ஆகியவற்றுக்கு இடையே உள்ள வெள்ளை வெளி, வலப்புறம் நோக்கிய அம்பு.

தமிழ் எழுத்துகளில் இந்தப் பாடம் இன்னும் கூர்மையானது. மூன்று சுழி ண, இரண்டு சுழி ன என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்ததை நினைவுகூர்ந்தால், இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவது சுழிகளுக்குள் அடைபட்ட வெற்றிடங்களின் எண்ணிக்கையே என்பது புரியும். தலைப்புக்காக எழுத்தைத் தடிப்பாக்கும்போது கோடு உள்நோக்கி வீங்கி, அந்த வெற்றிடங்கள் அடைந்துபோகின்றன. சிறிய அளவில் அச்சிட்டால் மூன்று சுழியா இரண்டு சுழியா என்பது மை திட்டாகிவிடும். ஆகவே தமிழில் தடித்த எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும்போது, கோட்டின் அழகைப் பார்ப்பதற்கு முன் ண, ஞ, இ, ஜ போன்றவற்றின் உள்வெளிகளைப் பார்க்க வேண்டும். பலகை எழுதுபவர்களும் பதாகை வடிவமைப்பவர்களும் இதில் காட்டும் அக்கறை போதாது என்றே எனக்குப் படுகிறது.

சாலைக் குறியீடுகள் இன்னொரு தேவையைக் காட்டுகின்றன. ‘நில்’ குறியீட்டின் எண்கோணம் வேறு எந்தக் குறியீட்டுக்கும் இல்லாததால், எழுத்து அழிந்திருந்தாலும், பின்புறமிருந்து பார்த்தாலும் அது எது என்று தெரியும். உங்கள் துறையில் ஏற்கெனவே உள்ள சின்னங்களையெல்லாம் நிழலுருவாக்கி ஒரே தாளில் அடுக்கிப் பாருங்கள். எல்லாம் வட்டமாக இருக்கும் இடத்தில் புதிய வட்டம் ஒன்று மறைந்துபோகும்.

படி 10: செய்ததைச் சோதித்தல்

வேலை முடியும் தறுவாயில் நான்கு சோதனைகளைச் செய்ய வேண்டும். முதலாவது, படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பது. பொருள்களின் பெயர்கள் மறைந்து வடிவங்களின் எடை மட்டும் தெரியும். இரண்டாவது, தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பார்ப்பது. அந்த அளவில் மூன்று நான்கு பெரிய வடிவங்களாகத் தெரியாத படம், சுவரளவு பெரிதாக்கினாலும் சிதறியே தெரியும். மூன்றாவது, கருப்பு வெள்ளையாக மட்டும் மாற்றிப் பார்ப்பது. கைப்பேசி கேமராவிலேயே இதைச் செய்துவிடலாம். அருகருகே உள்ள இரண்டு வடிவங்கள் ஒன்றாகக் கரைந்துவிட்டால், அவற்றை வேறுபடுத்தியது வண்ணம் மட்டுமே. ஒளிநிழலிலோ இடைவெளியிலோ மாற்றம் தேவை.

நான்காவது சோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். படத்தின்மேல் டிரேசிங் தாளை வைத்து, பொருள்களைத் தொடாமல் வெற்றிடங்களை மட்டும் எல்லைவிளிம்புவரை படியெடுத்து நிரப்புங்கள். கிடைக்கும் படத்தில் எல்லாத் துண்டுகளும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தாலோ, உருவைச் சுற்றி ஒரே அகலத்தில் வளையமாக ஓடினாலோ, உருவைச் சற்று ஓரத்துக்கு நகர்த்தி, ஒரு விளிம்பையாவது அது தொடும்படியோ தாண்டும்படியோ செய்து, டிரேசிங் தாளில் மீண்டும் படியெடுத்து ஒப்பிடவும்.